மாற்றம் செய்த பழைய மினிக்கு இன்சூரன்ஸ்: பிரிட்டனில் முதல்முறை கார் ஓட்டுபவருக்கான முழுமையான வழிகாட்டி

பழைய மினி மேல் ஆசை கொண்ட இளைஞர்களில் பலர் முதலில் காரை வாங்குகிறார்கள், பிறகுதான் இன்சூரன்ஸ் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். 17, 18 வயதில், லைசென்ஸ் கைக்கு வந்து சில வாரமே ஆன ஒருவருக்கு, அதுவும் இன்ஜினும் சக்கரமும் மாற்றிய பழைய காருக்கு, பாலிசி தர முன்வரும் நிறுவனங்கள் குறைவு. கேட்கும் தொகையும் ஒரு நிறுவனத்துக்கும் அடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். பணம் கைமாறிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

இங்கே மினி என்று சொல்வது 1959 ஆகஸ்டில் வெளிவந்து 2000 அக்டோபரில் தயாரிப்பு நின்ற, அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த சின்னக் கார். பிஎம்டபிள்யூ தயாரிக்கும் புதிய மினி அல்ல. மற்றப் பழைய சின்னக் கார்களுக்கும் கீழே சொல்லும் வழிமுறையில் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் இளைஞர்கள் அதிகம் கைவைத்து மாற்றுவது மினியைத்தான், எனவே எல்லா உதாரணமும் அதிலிருந்தே.

முதலில் சட்டம்

1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 143-ஆவது பிரிவுப்படி, மூன்றாம் நபருக்கான காப்பாவது இல்லாமல் பொதுச்சாலையில் கார் ஓட்டக் கூடாது. பிடிபட்டு அபராதச் சீட்டோடு முடிந்தால் 300 பவுண்டும் லைசென்ஸில் 6 அபராதப் புள்ளிகளும். நீதிமன்றம் போனால் 6 முதல் 8 புள்ளிகள், அபராதத்துக்கு உச்ச வரம்பே இல்லை.

அனுபவமுள்ளவருக்கு 6 புள்ளி என்பது வலி. புதிதாகத் தேறியவருக்கு அது லைசென்ஸையே பறிக்கும். 1995-ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர்கள் சட்டப்படி, தேறிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடியும் எல் பலகை, மறுபடியும் எழுத்துத் தேர்வு, மறுபடியும் ஓட்டுத் தேர்வு. அதற்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்டால், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதைக் காட்டும் ஐஎன்10 என்ற குறியீடு உங்கள் பதிவில் நிற்கும், நல்ல விலை கிடைக்காது. நண்பரின் மினியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஓட்டாமல் வீட்டில் நிறுத்தி வைத்தாலும் பொறுப்பு உண்டு. காரின் பதிவுச் சான்றான லாக் புக்கில் பெயர் உள்ளவர் காருக்கு இன்சூரன்ஸ் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாலையில் ஓடவில்லை என்று வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-விடம் சோர்ன் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். சோர்ன் கொடுத்த கார் தெருவோரத்தில் நிற்கக் கூடாது. கராஜிலோ சொந்த முற்றத்திலோதான் நிற்க வேண்டும்.

வாங்கும் முன் விலை கேளுங்கள்

பார்த்து வைத்த காரின் பதிவு எண், ஆண்டு, இன்ஜின் அளவு, மாற்றங்களின் பட்டியல், இந்த நான்கும் இருந்தால் விலை கேட்கலாம். கார் உங்கள் பெயரில் இருக்கத் தேவையில்லை. பாலிசி தொடங்கும் நாளுக்கு 3, 4 வாரம் முன்பே கேட்பது நல்லது. நாளைக்கே வேண்டும் என்று கேட்பவருக்குப் பொதுவாக விலை கூடுகிறது.

விலை ஒப்பிடும் இணையதளங்களில் மினிக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. பதிவு எண்ணைப் போட்டதும் தவறான மாடல் வந்து நிற்கும். இந்தக் காரை ஆஸ்டின், மாரிஸ், லேலண்ட், ரோவர் என்று காலத்துக்கு ஒரு பெயரில் விற்றார்கள். லாக் புக்கில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 'மினி' என்று தனி நிறுவனமாகத் தெரிவது பெரும்பாலும் பிஎம்டபிள்யூ கார். அதை அழுத்தி மலிவாக ஒரு விலை வந்தால் மகிழாதீர்கள், அது உங்கள் காருக்கான பாலிசி அல்ல.

எந்த மினி என்பதிலும் விலை மாறும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடி 998 சிசி இன்ஜின் உள்ள கார் சுமார் 40 குதிரைத்திறன்தான். முதல் காராக இன்சூரன்ஸ் கிடைக்க இதுவே எளிது. அதே பாடியில் மெட்ரோ காரின் 1275 இன்ஜினை மாற்றி வைத்திருந்தால் கேள்விகள் கூடும். ஹோண்டா விடெக் இன்ஜினோ மோட்டார்சைக்கிள் இன்ஜினோ ஏற்றிய மினியை 18 வயதில் பார்க்கவே போக வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பாலிசி கிடைத்தாலும், 600-700 கிலோ எடையுள்ள, ஏபிஎஸ் இல்லாத, பெரும்பாலும் காற்றுப்பையும் இல்லாத அந்தக் காரில் முதல் மழைக்காலத்தைக் கடக்க வேண்டும்.

லண்டன்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா லண்டன் பரோக்களும், மாசு கூடிய கார்களிடம் கட்டணம் வாங்கும் யூலெஸ் வளையத்துக்குள் வந்துவிட்டன. ஹாரோவோ ஈஸ்ட் ஹாமோ, வீட்டை விட்டு எடுத்தாலே விதி பொருந்தும். 40 வயது தாண்டி 'ஹிஸ்டாரிக்' வரிப்பிரிவில் பதிவான மினிக்கு விலக்கு உண்டு. 1990-களின் ரோவர் மினிக்கு அந்த விலக்கு இல்லை, யூலெஸ் தரத்தைப் பூர்த்தி செய்யாத கார் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் இது பிரீமியத்தையே மிஞ்சிவிடும். 40 வயது ஆனதும் அந்தப் பிரிவு தானாக வந்துவிடாது, விண்ணப்பித்து லாக் புக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றங்களின் பட்டியல்: ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கிளெய்ம் நேரத்தில் நிறுவனம் அனுப்பும் இன்ஜினியர் ஒரு கையில் நீங்கள் சொன்னதை எழுதிய தாளையும் எதிரே காரையும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பணம் வரும். இல்லாவிட்டால் பேச்சுவார்த்தை.

நிறுவனம் கேட்பது 'கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலிருந்து மாறியிருக்கிறதா' என்பதைத்தான், யார் மாற்றினார் என்பதை அல்ல. 1994-இல் யாரோ செய்த மாற்றமும் உங்கள் பட்டியலில் வர வேண்டும். மூன்று நான்கு கை மாறிய மினியில் மாற்றமே இல்லை என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்பாமல் நீங்களே பாருங்கள்.

இன்ஜினில் தொடங்குங்கள். பானட்டைத் திறந்து, ஆல்டர்னேட்டருக்கு மேலே பிளாக்கில் அடித்திருக்கும் எண் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 99எச் என்று தொடங்கினால் அது 998. 12 என்று தொடங்கினால் 1275 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த எண் லாக் புக்கில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் புதிய எண்ணையும் சிசி அளவையும் டிவிஎல்ஏ-வுக்கு எழுதி லாக் புக்கைத் திருத்துவது முதல் வேலை. திருத்தாத லாக் புக்கோடு இன்சூரன்ஸ் எடுத்தால் நிறுவனத்திடம் ஒன்றும் அரசிடம் வேறொன்றும் சொன்னதாக ஆகிவிடும்.

அடுத்து மூச்சு விடும் பாகங்கள். 'ஸ்டேஜ் ஒன் கிட்' என்று விற்பது மினியில் மிகப் பரவலான மாற்றம்: கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், மாற்று மேனிஃபோல்டு, அகலக் குழாய் சைலன்சர், இவற்றுக்கு ஏற்ற கார்புரேட்டர் ஊசி. ஊசியை மாற்றாமல் மற்ற மூன்றை மட்டும் பொருத்தியிருந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, இன்ஜின் சூடாகி, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பட்டியல் எழுதும் சாக்கில் இதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். எஸ்யூ கார்புரேட்டரின் அளவையும் குறியுங்கள். சிறிய எச்எஸ்2-க்குப் பதில் எச்ஐஎஃப்44 இருந்தால் அதுவும் தனியாகச் சொல்ல வேண்டிய மாற்றம். சிலிண்டர் ஹெட்டில் 12ஜி940 என்ற வார்ப்பு எண் இருந்தால் அது 1275-இன் ஹெட். 998-இன் மேல் அதைக் கண்டால் எழுதிக்கொள்ளுங்கள்.

சக்கரமும் பிரேக்கும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை. 1984 வரை சாதாரண மினிகள் 10 அங்குலச் சக்கரத்தோடும், கூப்பர் போன்ற சிலவற்றைத் தவிர, முன்பக்கமும் டிரம் பிரேக்கோடும் வந்தன. 1984-இல் 12 அங்குலச் சக்கரமும் 8.4 அங்குல டிஸ்க்கும் வந்தன. ஆக 1978-இன் சாதாரண மாடலில் 12 அங்குலச் சக்கரம் இருந்தால் அது மாற்றம், 1988 மாடலில் இருந்தால் இல்லை. 13 அங்குலத்தில் 175/50 டயரும் அகல ஆர்ச்சும் 1990-களின் இறுதியில் வந்த ஸ்போர்ட்ஸ்பேக் காரில் தொழிற்சாலைப் பொருத்தம், அதையே 1985 மாடலில் பார்த்தால் மாற்றம். பழைய டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றியதைப் பலர் நல்ல மாற்றம்தானே, சொல்ல வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல மாற்றத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அதற்கு விலை கூடாது. 1275 இன்ஜினுக்கு டிரம் பிரேக் போதாது என்று தெரிந்த புரோக்கரிடம் டிஸ்க் இருப்பதைச் சொன்னால் உங்களுக்குத்தான் சாதகம்.

சஸ்பென்ஷனில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹை-லோ, ரப்பர் கோனுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், திருகி இறுக்கும் ஷாக் அப்சார்பர், சக்கரத்தின் மேற்பகுதியை உள்பக்கம் சாய்க்கும் நெகட்டிவ் கேம்பர் ஆர்ம் ஆகியவற்றைத் தேடுங்கள். உள்ளே பக்கெட் சீட், ஹார்னஸ் பெல்ட், சின்ன ஸ்டியரிங், கவிழ்ந்தால் காக்கும் கூண்டான ரோல் கேஜ். பின் சீட்டைக் கழற்றியிருந்தால் இருக்கைகளின் எண்ணிக்கையே மாறிவிட்டது, அது லாக் புக் விஷயமும்கூட. வெளியே நிறம், ஸ்டிக்கர், கண்ணாடிக்கு ஒட்டிய கறுப்புப் படலம். முன்பக்கவாட்டுக் கண்ணாடி வழியே குறைந்தது 70 சதவீத வெளிச்சம் போக வேண்டும் என்பது சட்டம், அதற்குக் கீழே போனால் இன்சூரன்ஸ் பேச்சுக்கு முன்பே படலத்தை உரித்துவிடுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே பாகத்தின் பெயர், அளவு, பொருத்திய ஆண்டு, யார் பொருத்தியது, பில் இருக்கிறதா என்று எழுதுங்கள். கேஜ், இன்ஜின் மாற்றம் போன்ற பெரிய வேலைகளுக்கு இன்ஜினியர் அறிக்கை கேட்கப்படலாம். பிறகு படங்கள்: நான்கு மூலையிலிருந்தும் வெளிப்புறம், உட்புறம், மைல் மீட்டர், இன்ஜின் அறை, சேசிஸ் எண் தகடு, சக்கரம் கழற்றிய நிலையில் பிரேக், அடிப்பகுதியில் கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடும், பின் சக்கரங்களைத் தாங்கும் சப்ஃப்ரேமும். கடைசி இரண்டும் மினி துருப்பிடிக்கும் இடங்கள். துருவை மறைத்த காருக்குக் கிளெய்ம் வரும்போது, ஓட்டத்தகுந்த நிலையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துக் காட்டுவார்கள். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் இல்லாத காருக்கு எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் இளம் ஓட்டுநர் வருடா வருடம் எம்ஓடி எடுப்பதே நல்லது, அந்தச் சான்றிதழ் கிளெய்ம் நாளில் உங்கள் பக்கம் பேசும். கடந்த 30 ஆண்டுக்குள் அடிப்படையையே மாற்றிய காருக்கு அந்த விலக்கு கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்

2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. வேண்டுமென்றே, அல்லது உண்மையா பொய்யா என்றே கவலைப்படாமல் தவறாகச் சொல்லியிருந்தால் நிறுவனம் பாலிசியையே செல்லாததாக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதே கேள்வி. பாலிசியே தந்திருக்காது என்றால் பிரீமியம் திரும்பும், கிளெய்ம் கிடையாது. கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால் விகிதக் கணக்கு: நீங்கள் கட்டியது 1,200 பவுண்ட், உண்மையில் கட்டியிருக்க வேண்டியது 2,000 பவுண்ட் என்றால், 5,000 பவுண்ட் சேதத்துக்கு 60 சதவீதம், அதாவது 3,000 பவுண்டுதான் வரும்.

எதிரே வந்தவருக்கு ஏற்பட்ட காயத்துக்கு நிறுவனம் சட்டப்படி பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். 18 வயதில் அப்படி ஒரு கடன் வேண்டாம்.

பாலிசி ரத்தானது, செல்லாததாக்கப்பட்டது என்ற வரலாறும் உங்களோடேயே வரும். 'எப்போதாவது உங்கள் பாலிசியை நிறுவனம் ரத்து செய்திருக்கிறதா' என்று கேட்கும் படிவங்களில் காலவரம்பு இருப்பதில்லை.

இரண்டு வகைப் பாலிசிகள்

பழைய கார்களுக்கென்றே உள்ள கிளாசிக் பாலிசி பார்க்க மலிவு. ஆண்டுக்கு 1,500, 3,000, 5,000 மைல் என்று வரம்பு வைத்திருக்கும், இரவில் கராஜில் நிறுத்தச் சொல்லும், தினசரி ஓட்டத்துக்கு வேறு கார் இருக்க வேண்டும் என்று கேட்கும். பலவற்றில் குறைந்தபட்ச வயது 21 அல்லது 25. 18 வயதில் மினிதான் ஒரே கார் என்றால் பெரும்பாலான கதவுகள் இங்கே மூடியிருக்கும்.

மாற்றம் செய்த கார்களுக்கான பாலிசி விலை கூடியது, ஆனால் தினசரி ஓட்டலாம். மினிக்கென்றே திட்டம் வைத்திருக்கும் புரோக்கர்கள் சிலர் 17 வயதிலிருந்தே பரிசீலிப்பார்கள். அட்ரியன் ஃப்ளக்ஸ், லங்காஸ்டர், ஃபுட்மன் ஜேம்ஸ் போன்ற இத்துறைப் புரோக்கர்களை இணையப் படிவத்தில் அல்ல, தொலைபேசியில் அழையுங்கள். படிவம் 'இல்லை' என்று மூடும் இடத்தில், பட்டியலையும் படங்களையும் பார்த்த மனிதர் வேறு நிறுவனத்திடம் கேட்டுச் சொல்வார். பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர்கள் சங்கமான பைபாவின் தேடல் சேவையிலும் ஆள் கிடைப்பார்கள்.

எந்த வகையானாலும் இந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்:

- கார் முழுதாகப் போனால் முன்பே பேசி ஒப்புக்கொண்ட மதிப்பா, அன்றைய சந்தை மதிப்பா? சந்தை மதிப்பு என்றால் பெயின்ட்டுக்கும் வெல்டிங்குக்கும் கொட்டிய பணம் கணக்கில் வராமல் போகலாம்.
- மாற்றிய பாகத்துக்குப் பதில் அதே பாகம் கிடைக்குமா, தொழிற்சாலைப் பாகத்தின் விலைதானா?
- சேதமடைந்த காரை நானே திரும்ப வாங்கிக்கொள்ள உரிமை உண்டா, என்ன விலைக்கு?
- ஓர் ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் சேருமா? பல கிளாசிக் பாலிசிகளில் சேராது. தொடக்க ஓட்டுநருக்கு இது பெரிய இழப்பு, மலிவான பாலிசி இரண்டாம் ஆண்டில் விலையுயர்ந்ததாகிவிடும்.
- மொத்த எக்ஸஸ் எவ்வளவு? கட்டாய எக்ஸஸ் 250, நீங்களாக ஏற்றது 300, இளம் ஓட்டுநருக்கான கூடுதல் 300 என்றால் முதல் 850 பவுண்ட் உங்கள் பையிலிருந்து போகும்.

கடைசிக் கேள்விக்கு வந்த பதிலைக் காரின் மதிப்போடு வைத்துப் பாருங்கள். எக்ஸஸை ஏற்றி ஏற்றிப் பிரீமியத்தைக் குறைப்பது, சிறிய சேதத்துக்குப் பாலிசியே இல்லாத நிலைக்குக் கொண்டுவிடும்.

அப்பா பெயரில் எடுக்கலாமா?

நம் வீடுகளில் முதலில் எழும் யோசனை இது. நேர்மையாகச் செய்யும் முறையும் உண்டு, குற்றமான முறையும் உண்டு. வித்தியாசம் ஒரே கேள்வியில் இருக்கிறது: காரை அதிகம் ஓட்டுபவர் யார்? மகளோ மகனோ தினமும் ஓட்ட, அப்பாவோ அம்மாவோ முதன்மை ஓட்டுநர் என்று எழுதினால் அதற்கு 'ஃப்ரன்டிங்' என்று பெயர், அது மோசடி. கிளெய்ம் மறுக்கப்படும், பெற்றோரின் சொந்தக் காருக்கான இன்சூரன்ஸும் சேர்ந்து பாதிக்கப்படும்.

சரியான முறை, பிள்ளையின் பெயரில் பாலிசி எடுத்து, 20 ஆண்டு ஓட்டிய அம்மாவையோ அப்பாவையோ இரண்டாம் ஓட்டுநராகச் சேர்ப்பது. அவர் எப்போதாவது உண்மையில் ஓட்ட வேண்டும். பெரும்பாலும் இதனால் விலை குறையும். சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விலை கேட்டுப் பாருங்கள். அப்பாவே மினிப் பிரியர், கார் அவருடையது, பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிறார் என்றால் அவர் முதன்மை ஓட்டுநராக இருப்பதில் தவறே இல்லை.

விலையைக் குறைக்கும் வழிகள், எங்கள் மதிப்பீட்டில்

காரைக் கராஜுக்குள் பூட்டி வைக்க முடிந்தால் சொல்லுங்கள். முடியாதபோது முடியும் என்று சொல்லாதீர்கள். மினியின் பூட்டுகளைத் திறப்பது எளிது என்பது திருடருக்கும் தெரியும். ஸ்டியரிங்கை முழுதாக மூடும் பூட்டு, பெட்ரோல் பம்பை நிறுத்தும் ரகசிய சுவிட்ச், தாட்சம் சான்று பெற்ற எஸ்5 அல்லது எஸ்7 டிராக்கர் ஆகியவை உதவும். டிராக்கரைப் பாலிசியில் குறிப்பிட்டால் அதன் ஆண்டுச் சந்தா தொடர்ந்து கட்டியிருக்க வேண்டும்.

கறுப்புப் பெட்டி, அதாவது டெலிமேட்டிக்ஸ், புதிய ஓட்டுநருக்கு நல்ல தள்ளுபடி தரும். ஆனால் மாற்றம் செய்த காரை ஏற்காத டெலிமேட்டிக்ஸ் நிறுவனங்கள் பல. ஏற்பவர்களிடமும் மின்சார இணைப்பைப் பற்றிப் பேசுங்கள். 1969-க்கு முந்தைய பல மினிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய பெட்டியையோ டிராக்கரையோ அப்படியே இணைத்தால் கருகிப்போகும். கண்ணாடியில் ஒட்டும் வகையோ தொலைபேசிச் செயலியோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மினி கிளப் உறுப்பினராவதற்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். கிளப் தரும் மதிப்பீட்டுக் கடிதம் ஒப்புக்கொண்ட மதிப்புக்கும் உதவும். குறைந்தது 6 மணி நேரமுள்ள பாஸ் பிளஸ் பயிற்சியை எல்லா நிறுவனமும் மதிப்பதில்லை, கட்டணம் கட்டும் முன் உங்கள் நிறுவனம் எவ்வளவு குறைக்கும் என்று கேட்டுவிடுங்கள். மைல் கணக்கை உண்மையாக எழுதுங்கள்: வாரம் 60 மைல் என்றால் ஆண்டுக்கு 3,120. 2,000 என்று எழுதிவிட்டு நவம்பரில் மீட்டரைப் பார்த்துப் பயப்படக் கூடாது. மாதத் தவணை என்பது வட்டிக்கு வாங்கும் கடன். ஒரு தவணை தவறினாலே பாலிசி ரத்தாகும் அபாயம் உண்டு. முடிந்தால் மொத்தமாகக் கட்டுங்கள்.

வேலைக்கோ கல்லூரிக்கோ ஓட்டினால், ரயில் நிலையம் வரை மட்டும் ஓட்டி நிறுத்தினாலும்கூட, சொந்த உபயோகம் என்று மட்டும் எழுதினால் போதாது. வேலைக்குப் போய்வருவதும் சேர வேண்டும். உணவு விநியோகத்துக்கு இரண்டுமே போதாது, அதற்குத் தனிப் பாலிசி.

இவை எல்லாவற்றையும்விட விலையைக் குறைப்பது பொறுமை. முதல் ஆண்டு 998 இன்ஜினைத் தொடாமல் விடுங்கள். அந்தப் பணத்தை டிஸ்க் பிரேக், நல்ல டயர், துரு வெல்டிங், பூட்டு இவற்றில் போடுங்கள். கிளெய்ம் இல்லாமல் ஓராண்டு, இரண்டாண்டு கடந்த பிறகு 1275 பற்றிப் பேசினால் அதே புரோக்கர் வேறு குரலில் பேசுவார்.

வாட்ஸ்அப்பில் மலிவு பாலிசி

இளைஞர்களையும் புலம்பெயர்ந்தோரையும் குறிவைக்கும் போலி ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், சில நேரம் நம் மொழியிலேயே பேசி நம்பிக்கை பெறுகிறார்கள். ஒன்று முழுப் போலிச் சான்றிதழ் தருவார்கள், அல்லது உங்கள் வயதையும் முகவரியையும் மாற்றி உண்மையான நிறுவனத்திடம் பாலிசி எடுத்துத் தருவார்கள். இரண்டிலும் சாலையில் மாட்டிக்கொள்பவர் நீங்கள். பணம் கட்டும் முன் நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ-வின் பதிவேட்டில் புரோக்கரின் பெயரைத் தேடுங்கள், அங்கே உள்ள தொலைபேசி எண்ணையே அழையுங்கள். பாலிசி தொடங்கிய பிறகு மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் உங்கள் பதிவு எண் தெரிகிறதா என்று பாருங்கள். போலீஸ் கேமரா பார்ப்பதும் அதைத்தான்.

வாங்கும் நாளும் அதன் பிறகும்

வரிசை இது: முதலில் பாலிசி தொடங்க வேண்டும், பிறகு லாக் புக்கின் புதிய உரிமையாளர் சீட்டை வைத்துச் சாலை வரி, பிறகே சாவி. 2014 அக்டோபர் முதல் பழைய உரிமையாளரின் வரி உங்களுக்கு வராது. ஹிஸ்டாரிக் காருக்குக் கட்டணம் இல்லை என்றாலும் வரிப் பதிவு செய்தாக வேண்டும். ஒரு நாள் பாலிசிகளில் பல, மாற்றம் செய்த காரையும் மிக இளம் ஓட்டுநரையும் ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் காரை டிரெய்லரில் கொண்டுவாருங்கள்.

பாலிசித் தாள்கள் வந்த அன்றே உட்கார்ந்து, உங்கள் பட்டியலை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தொலைபேசியில் சொன்ன 11 மாற்றங்களில் 9 மட்டும் தாளில் இருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள். 14 நாளுக்குள் மனம் மாறி விலகவும் உரிமை உண்டு. கழித்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

நடுவில் எதை மாற்றினாலும், பொருத்தும் முன் அழையுங்கள். ஸ்பேனரை எடுக்கும் முன் அழைத்தால் 'இதற்கு 80 பவுண்ட் கூடும்' என்று தெரியும், வேண்டாம் என்று விட்டுவிடலாம். பொருத்திய பிறகு அழைத்தால் அந்த வாய்ப்பு இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கார் வேறு ஊரில் தூங்கத் தொடங்கினால் அதுவும் சொல்ல வேண்டிய மாற்றம்தான்.

மினியைக் கட்டி எழுப்பும் ஆசையில், இன்னும் லைசென்ஸ் வராதபோதே ஓடாத காரை வாங்குகிறவர்களும் உண்டு. அவர்கள் சோர்ன் கொடுத்து, தீக்கும் திருட்டுக்கும் மட்டுமான நிறுத்திவைப்புப் பாலிசி எடுத்தால் போதும். எல் பலகையோடு சாலைக்கு எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் 21 வயது நிறைந்து, 3 ஆண்டு லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். கற்பவருக்கான பாலிசி தேர்வில் தேறிய கணமே முடிந்துவிடுவது வழக்கம். தேர்வு மையத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக ஓட்டி வருவதற்குள் புதிய பாலிசி தொடங்கியிருக்க வேண்டும்.

இடித்துவிட்டால்

எதிராளியின் பெயர், முகவரி, பதிவு எண், இன்சூரன்ஸ் விவரம் வாங்குங்கள், படம் எடுங்கள், உங்கள் பக்கம் தவறில்லை என்றாலும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். பிறகு மினிக்காரர்கள் அதிகம் தோற்கும் இடம் வருகிறது. புதிய கார்களைப் பார்த்துப் பழகிய மதிப்பீட்டாளர், வளைந்த முன்பாகத்தைப் பார்த்துப் பழுது செலவு மதிப்பை மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிடுவார். உண்மையில் மினிக்கு விங்கிலிருந்து முழு பாடி வரை பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புதிதாகத் தயாரித்து விற்கிறது. பழைய கார் வேலை தெரிந்த பட்டறையின் எழுத்து மதிப்பீட்டை நீங்களே வாங்கி அனுப்புங்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் காரை உடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாளே மின்னஞ்சல் போடுங்கள். முழுச் சேதக் கார்களுக்கான பிரிவுகளில் எஸ், என் என்று எழுதித் தள்ளினாலும் காரைத் திரும்ப வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம். ஏ, பி என்று எழுதிவிட்டால் அந்த பாடி மறுபடி சாலைக்கு வராது. எனவே பிரிவு முடிவாகும் முன் பேசுங்கள்.

தரும் தொகை குறைவு என்றால் முதல் சலுகையை ஏற்க வேண்டியதில்லை. அதே ஆண்டு, அதே நிலையில் விற்பனைக்கு உள்ள மூன்று நான்கு மினிகளின் விளம்பரங்களையும், உங்கள் படங்களையும் பில்களையும் சேர்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம். இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால், அது வந்த 6 மாதத்துக்குள் நிதி ஓம்பட்ஸ்மன் சேவைக்குக் கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. அங்கேயும் முதலில் கேட்பது அந்த ஒரு மதியம் உட்கார்ந்து எழுதிய பட்டியலைத்தான்.